படையலில் வைத்த படம்

மொரேலியா,
ஞாயிறு, 31 அக்டோபர் 1993

என் எவேலியா அக்காவுக்கு,

அம்பாரோ எழுதுகிறேன். இங்கே வீடு, பூனை, என் பல் மருத்துவமனை எல்லாம் நலம். என் வயிறு மட்டும் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து சரியில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் வந்த கோளாறு இல்லை. உன் ஓவியக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்குப் போய் வந்தேன், அதனால் வந்தது.

போனில் சொல்லலாம் என்றால், லெயோபார்தோ பெயரை எடுத்தாலே 'இங்க ரொம்பக் குளிரு, வெச்சிடட்டுமா' என்கிறாய். செத்துப் போய் இரண்டு வருடம் ஆன புருஷன் பெயருக்கு ஸ்வீடனில் உன் மகள் வீட்டில் ஏன் குளிர் கூடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. அதனால்தான் கடிதம். இதையும் நீ பாதியில் மடித்து வைத்துவிடலாம். ஆனால் மேசை மேலேயே கிடந்து உன் உயிரை எடுக்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சி நடத்துகிற கலாசார நிலையத்தின் இயக்குநர் ஃபெர்மின் கீசார் நவம்பர் கடைசியில் உன்னைப் போனில் கூப்பிடப் போகிறான். உன் ஓவியங்கள் அத்தனையையும் லெயோபார்தோ பெயரில் வரப்போகிற நினைவு அருங்காட்சியகத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடச் சம்மதம் கேட்பான். நீ ஏற்கெனவே, 'உங்க இஷ்டம்போல பண்ணிக்குங்க, அதெல்லாம் இனிமே எனக்கு எதுக்கு' என்று சொல்லிவிட்டாயாம். விழாவில் எல்லோர் முன்னாலும் பல்லெல்லாம் தெரிய அவன் அதைச் சொன்னான். மேல்வரிசையில் இரண்டு பல் பீங்கான், மட்டமான வேலை. இன்னொரு தடவை நீ சரி என்றால் கதை முடிந்தது. அதற்கு முன்னால் இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

பழைய மடத்தில்தான் கண்காட்சி. வாசலில் கட்டியிருந்த பெரிய துணியில் 'மாஸ்டர் லெயோபார்தோ அர்ரியாகாவின் இல்லத்திலிருந்து' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. அதற்குக் கீழே, குனிந்து பார்த்தால் தெரிகிற அளவில், 'எவேலியாவின் ஓவியங்கள்'. வெறும் எவேலியா. தினோக்கோ என்ற குடும்பப் பெயர் எங்கே போனது? நம் அப்பா என்ன, பெயரில்லாத ஆளா? வீட்டு வேலைக்கு வருகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனால் சுவரெல்லாம் பளீரென்று ரோஜா நிறம். உன் சாம்பல் நிறங்களுக்குப் பின்னால், அக்கா. நீ ஒரு சாம்பலுக்கும் இன்னொரு சாம்பலுக்கும் நடுவே விரல் அகல வெள்ளையை விடுவதற்கு வாரக்கணக்கில் யோசிப்பாய். அந்த வெள்ளையெல்லாம் இப்போது ரோஜா வெளிச்சம் பட்டு ஈறு நிறத்தில் இருக்கிறது. கண்காட்சியை அமைத்தவள் ரெனாத்தா என்று தலைநகரத்திலிருந்து வந்த பெண். பூவேலை செய்த கிராமத்து ரவிக்கை, அதற்கு மேல் பாரிஸ் கண்ணாடி. சுவருக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டேன். 'சாம்பல் நிறத்தை மட்டும் வெச்சா மெக்சிகோ மாதிரியே தெரியல டாக்டர், வர்றவங்க ஏமாந்துடுவாங்க' என்றாள். மெக்சிகோவில் பிறந்து, மெக்சிகோச் சுண்ணாம்பில் வரைந்தவள் மெக்சிகோ மாதிரி இல்லையாம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாள். நாற்பது வருடத்தில் நீ ஒன்றுக்காவது பெயர் வைத்தாயா? இது என்ன என்று நான் கேட்டால், 'எதுவும் இல்லடி, பாரு, போதும்' என்பாய். இப்போது ஒவ்வொன்றின் கீழேயும் பித்தளைத் தகடு. 'அவர் இல்லாத நாற்காலி'. 'விதவையின் விடியல்'. அந்தக் கருஞ்சிவப்புக் கோடு போட்ட பெரிய படத்துக்கு 'மாஸ்டர் சென்ற மாலை'.

அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ரெனாத்தா பெரிய மனிதர்களுக்கு விளக்கம் சொன்னாள். 'இந்தச் சிவப்பு, புருஷனைப் பறிகொடுத்த ஒரு மெக்சிகோப் பொண்ணோட காயம்' என்றாள். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. 'இதை வரைஞ்சப்போ அந்தப் புருஷன் கீழ் வீட்டுல குறட்டை விட்டுட்டிருந்தாரும்மா, எழுபத்தி நாலாம் வருஷம்' என்றேன். அவள் கொஞ்சமும் அசரவில்லை. 'கலைஞர்களுக்கு முன்கூட்டியே தெரியும் டாக்டர்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். அங்கே சொன்னதுதான் இன்னும் மோசம். இவ்வளவு பெரிய மேதைக்கு முன்னால் மனித உருவங்களை வரையத் தனக்கு உரிமையில்லை என்று உணர்ந்துதான் நீ உருவமில்லாமல் வரைந்தாயாம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஓர் அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள்.

ஏன் ஆட்களை வரைவதே இல்லை என்று நான் உன்னைக் கேட்டபோது நீ சொன்னது இவர்களுக்குத் தெரியுமா? மொட்டை மாடியில், துணி துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். 'கீழ முழுக்க ஆளுங்கதான். இங்கயாவது யாரும் இல்லாம இருக்கட்டும்' என்றாய். அவர் தன் எண்ணெய் வண்ணங்களை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருப்பார். நீ சுண்ணாம்பிலும் அடுப்புக்கரியிலும் தரைக்குப் போடுகிற மெழுகிலும் வரைந்தாய். அவர் ஊர்ச் சுவர்களில் எல்லாம் விடுதலை அடைந்த பெண்களை வரைந்தார். தீப்பந்தம் பிடித்திருக்கும் அத்தனை பெண்களுக்கும் உன் முகம். வரைந்து முடித்து வீட்டுக்கு வந்ததும் காபி ஆறிவிட்டது என்று கோப்பையைத் தரையில் போட்டு உடைப்பார். துண்டுகளைப் பொறுக்கியதும் அதே முகம்தான்.

விருந்தாளிகளை மாடிக்குக் கூட்டிவந்து உன் படங்களைக் காட்டியதை நான் மறக்கவில்லை. 'பாத்தீங்களா, எங்க வீட்டுல தரை துடைக்கிற துணிக்குக்கூடச் சட்டம் போட்டு வெப்போம்' என்பார். அவர்கள் சிரிப்பார்கள். காபித் தட்டோடு வந்த நீயும் சிரிப்பாய். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அதனால் எனக்குப் 'பல்புடுங்கி' என்று பட்டம்.

விழாவில் தின்ன என்ன கொடுத்தார்கள் தெரியுமா? நம் ஊர்ப் பழக்கலவைதான், பாலாடைக்கட்டியும் மிளகாய்ப்பொடியும் தூவி, பிளாஸ்டிக் தம்ளரில். கையில் அதை வைத்துக்கொண்டே படம் பார்த்தார்கள். ஓர் அதிகாரி பாலாடைக்கட்டி ஒட்டிய விரலால் உன் வெள்ளைப் படத்தைத் தொட்டுவிட்டு, 'காஞ்சிருச்சு' என்று நண்பனிடம் சொன்னான். இருபது வருடம் கழித்துக் காயாமல் என்ன செய்யும்? கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்தேன். துடைத்ததற்கு என்னைத்தான் காவலாள், 'படத்தைத் தொடாதீங்கம்மா' என்று விரட்டினான்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

கூடத்தின் நடுவே, உன் படங்களெல்லாம் முதுகுப்பக்கம் போய்விடுகிற மாதிரி, லெயோபார்தோவுக்கு ஒரு படையல் மேடை. செத்தவர்கள் வீடு தேடி வருகிற இறந்தோர் நாள் நெருங்குகிறதாம், அதனால் பொருத்தமாக இருக்குமாம். ஏழு படி, துலுக்கச் சாமந்தி மூட்டை மூட்டையாக, மெழுகுவத்தி, சர்க்கரை மண்டையோடு, எள் தூவிய ரொட்டி, அவருக்குப் பிடித்த மெஸ்கால் சாராயம். சாம்பிராணிப் புகையில் மூச்சு முட்டியது. உன் கண்காட்சியில் அவருக்குப் படையல். திறப்பு விழாச் சிவப்பு ரிப்பனையும் உன் ஓவியங்களுக்கு முன்னால் கட்டவில்லை, அந்த மேடைக்கு முன்னால்தான் கட்டியிருந்தார்கள். ஏதோ பெரிய அதிகாரியின் மனைவி எல்வீரா அம்மாள் ரிப்பனை வெட்டினாள். கைதட்டினார்கள். கத்திரிக்கோலை வெள்ளித் தட்டில் திரும்ப வைத்தாள்.

அப்போதுதான் புகை கொஞ்சம் விலகி, மேல்படியில் இருந்த படம் தெரிந்தது. உங்கள் இருபத்தைந்தாம் கல்யாண நாளில் பாட்ஸ்க்வாரோ ஏரிக்கரையில் எடுத்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். அவரும் நீயும். அவர் கை உன் தோள்மேல். நீ செத்தவர்களுக்கான மெழுகுவத்திகளுக்கு நடுவே நின்று சிரித்துக்கொண்டிருந்தாய்.

அக்கா, உயிரோடு இருப்பவர் முகம் படையலில் இருக்கக்கூடாது என்பது நம் பக்கத்தில் பால்பல் விழாத குழந்தைக்கும் தெரியும். மாமாவின் படத்தை வைக்கும்போது பக்கத்தில் நிற்கிற அத்தை முகத்தின்மேல் அம்மா தபால்தலை ஒட்டுவாள். அத்தை அதைப் பார்த்து, 'நல்லா ஒட்டு, ஓரம் பேந்துக்கிட்டு நிக்குது' என்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம்.

வெட்டிக் கிடந்த ரிப்பனைத் தாண்டிப் போய், தட்டிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தேன். மேல்படி எட்டவில்லை, ரொட்டியைத் தள்ளிவிட்டுப் படியில் கால் வைத்து ஏறினேன். இந்த வயதில், நல்ல பாவாடையோடு. படத்தை இறக்கி, சட்டத்தைப் பிரித்து, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வெட்டினேன்.

பிறகு பார்க்க வேண்டுமே. கீசார், 'என்ன பண்றீங்க டாக்டர், இது கலாசாரச் சொத்து' என்று ஓடிவந்தான். ரெனாத்தா, 'இதுவும் ஒரு கலை நிகழ்வுதான்' என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. காவலாள் என் முழங்கையைப் பிடித்தான். 'விடுப்பா, எங்க அக்கா உயிரோட இருக்கா' என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் போலிருக்கிறது, கூடமே திரும்பிப் பார்த்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்று அங்கே நடந்தது. எல்வீரா அம்மாள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். 'என்னது, இந்தம்மா உயிரோட இருக்காங்களா?' என்று கேட்டாள். நீ செத்துவிட்டாய் என்று நினைத்திருக்கிறாள். கூடத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள், அக்கா. அழுதுகொண்டிருந்த அம்மாள்கூட உன்னையும் சேர்த்துத்தான் அழுதிருக்கிறாள். எல்வீரா சிலுவை போட்டுக்கொண்டு, கீசாரைப் பார்த்து, 'உயிரோட இருக்கற மனுஷியையா படையல்ல வெச்சிருக்கீங்க? உங்களுக்கெல்லாம் அம்மா இருக்காங்களா இல்லையா?' என்று கேட்டாள். ரிப்பன் வெட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அருவருப்புதான். அந்த மாலையில் எனக்குப் பிடித்த ஒரே மனுஷி அவள்தான்.

கீசார் வடக்கே பாலைவனத்துப் பக்கத்து ஆள். 'எங்க ஊர்ல இந்தப் பழக்கமெல்லாம் அவ்வளவா கிடையாதும்மா' என்று வழிந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, வலிக்கட்டும் என்றே சொன்னான். 'நாங்க மாஸ்டரோட தனிப்படம்தான் கேட்டோம் டாக்டர். இதை ஸ்வீடன்லேர்ந்து அனுப்பினது உங்க அக்கா. அவர் மட்டும் இருக்கற படம் வேற இருக்கான்னு போன்ல திரும்பக் கேட்டேன். படையலுக்கு இதுவே சரியா இருக்கும்னு அவங்கதான் சொன்னாங்க.'

உன் பாதியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதுவரை எல்லா அருவருப்பும் அவர்கள்மேல் இருந்தது. தெருவில் நடக்கும்போது அது உன்மேல் திரும்பியது. ஆமாம், உன்மேல்தான். நாற்பது வருடம் அந்த மனிதருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தது போதாதா? அவர் செத்த பிறகும் கூடவே போய் நிற்க வேண்டுமா? அதுவும் உன் படங்களுக்கு நடுவிலேயே, உன் கையாலேயே எடுத்துக் கொடுத்து? சீ என்று தேவாலயத்து மதில் பக்கத்தில் நின்று வாய்விட்டே சொன்னேன். சாமந்தி விற்கிறவள், 'என்னம்மா, பூ நல்லா இல்லையா?' என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபிறகு கோபம் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் தாங்க முடியவில்லை. நூரியா போன மாதம் எழுதியதை எடுத்துத் திரும்பப் படித்தேன். உன் மகள் உன்னைப் பற்றிக் குறை சொல்லிப் பழகாதவள். அம்மா சன்னலோரமே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பென்சில்கூட வாங்கவில்லை, தட்டில் வைத்ததில் பாதியை விட்டுவிடுகிறாள், தன் துணிகளையெல்லாம் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாள். வயதாகிறது, குளிர் வேறு என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன். 'அதெல்லாம் இனிமே எனக்கு எதுக்கு' என்று நீ கீசாரிடம் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீயும் அவர் பின்னாலேயே புறப்படத் தயாராகிற மாதிரி இருக்கிறது.

உன் பாதிப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது. வீட்டில் வைக்கவில்லை, வீட்டில் நாளைக்குப் படையல். மருத்துவமனையில், எக்ஸ்ரே பார்க்கிற பெட்டிமேல் சாய்த்து வைத்திருக்கிறேன். வெட்டும்போது கவனிக்கவில்லை, அவருடைய நான்கு விரல்கள் உன் தோள்மேல் அப்படியே வந்துவிட்டன. சனிக்கிழமை நோயாளிகள் போனபிறகு, பற்காரை சுரண்டுகிற கருவியை எடுத்து அந்த விரல்களைச் சுரண்டினேன். ஒன்று ஒன்றாகப் போய்விட்டன. உன் தோளும் கொஞ்சம் போய்விட்டது, மன்னித்துக்கொள்.

நாளைக்கு அம்மா அப்பாவுக்கு வழக்கம்போல எல்லாம் வைப்பேன். லெயோபார்தோவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கிறேன். தாகத்தோடு வருகிற ஆளை வாசலில் நிறுத்தக்கூடாது. சாராயம் கிடையாது.

கீசார் நேற்றுக் காலையில் ஆள் அனுப்பியிருந்தான். எல்வீரா அம்மாள் மேடையைப் பிரிக்கச் சொல்லிவிட்டாளாம். நான் வெட்டியதைப் பற்றிப் புகார் எதுவும் கொடுக்கப் போவதில்லையாம். ஆனால் ஓவியங்களைப் பற்றிய பேச்சு அப்படியேதான் இருக்கிறது, 'அதை உங்க அக்காவே முடிவு பண்ணட்டும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அதில் மட்டும் அவன் சொல்வது சரி. நான் கத்தலாம், வெட்டலாம், படியேறி ரொட்டியை மிதிக்கலாம். வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் நீ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. போனில் சொல்வது சுலபம், எதிரில் ஆள் இருக்க மாட்டான். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடலாம். அங்கே குளிராக இருக்கிறது என்று காரணம் சொல்லிக்கொள்.

படங்களை நான் கொண்டுவந்து என் வீட்டில் வைக்கிறேன். இரண்டு நோயாளி நாற்காலிகளையும் ஒரே அறையில் போட்டுவிட்டால் பின்னறை முழுக்கக் காலி. சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த அறையில் இரண்டு பேர் தூங்கவும் இடம் இருக்கிறது. மொட்டை மாடியும் இருக்கிறது, அங்கே யாரும் வரமாட்டார்கள், என் பூனையைத் தவிர.

அன்னை மரியா உன்னை நன்றாகச் சாப்பிட வைக்கட்டும், நன்றாகத் தூங்க வைக்கட்டும். நூரியாவுக்கு என் முத்தங்கள். கீசாரிடம் ஒரு வார்த்தை சொல்லப் போகிறாய், எனக்கு ஒரு வரி எழுது. அந்தப் படத்தைத் தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று எழுது. தனிப்படம் கைக்கு அகப்படவில்லை என்றோ, அவன் கேட்டது சரியாகக் காதில் விழவில்லை என்றோ, என்ன வேண்டுமானாலும் எழுது. பொய் என்று எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். பரவாயில்லை அக்கா, நம்புகிறேன். நீ எழுது.

உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பிடித்து வைத்திருக்கும்,
உன் தங்கை
அம்பாரோ தினோக்கோ